11 விநாடி நின்ற காந்தாரம்: சுங்கை சிப்புட்டில் எங்கள் திருவிழாவுக்கு வந்த மேளக் குழு

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் கோயில் திருவிழாவுக்கு இவ்வாண்டு வந்த மேளக் குழுவைப் பற்றி ஈப்போவிலிருந்தும் கோலகங்சாரிலிருந்தும் சில கோயில் நிர்வாகத்தினர் தொலைபேசியில் விசாரித்தார்கள். எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு வாங்கினார்கள் என்ற இரண்டு கேள்விகளையே எல்லாரும் கேட்டார்கள். அவற்றுக்கு விடை எளிது: நாதஸ்வரம் ஒருவர், தவில் இருவர், தாளம் ஒருவர் என 4 பேர், இரண்டு மாலைகளுக்கு 1,600 வெள்ளி (ரிங்கிட்), போக்குவரத்துக்குத் தனியாக 120 வெள்ளி. ஆனால் அந்தக் கணக்கை மட்டும் கேட்டுக்கொண்டு ஒருவர் இந்தக் குழுவை அழைத்தாலும் சரி, அழைக்காமல் விட்டாலும் சரி, தமக்குக் கிடைத்தது என்ன, தவறிப்போனது என்ன என்பது அவருக்கே தெரியாமல் போய்விடும். ஆகவே, இரண்டாம் நாள் மாலை ரதம் புறப்படும் நேரத்தில், மல்லாரி என்ற புறப்பாட்டு இசையின் நடுவே, காந்தாரம் என்ற ஒரே சுரத்தில் 11 விநாடி நேரம் நிகழ்ந்த ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் கோயில் முன்பு தோட்டத்துக்குள் இருந்தது. ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை நட்டபோது தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. குடும்பங்கள் பட்டணத்துக்கு வந்தன. அம்மனும் எங்களோடு பட்டணத்தின் ஓரத்துக்கு வந்து சேர்ந்தாள். மலேசிய இந்தியர்களின் தலைவராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களே நிலத்துக்கு உரிமையாளராக வேண்டும் என்று 1960இல் அவர் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய கதையை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். அந்தப் பேச்சினூடே தவறாமல் வரும் இன்னொரு நினைவு, அதிகாலையில் ரப்பர் பால் வெட்டிவிட்டு மாலையில் கோயில் வாசலில் நாதஸ்வரம் வாசித்த மனிதர்களைப் பற்றியது. இப்போது வந்த குழுவின் நாதஸ்வரக் கலைஞர் அப்படி ஒருவருடைய மகன். வார நாள்களில் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்கிறார். குழுவுக்குப் பெயர்ப்பலகை இல்லை, விளம்பர அட்டை இல்லை. கோயில் குருக்கள் மூலமாகவே அவர்களை அடைய முடியும். அதனால்தான் இக்கட்டுரையிலும் குழுவின் பெயர் என்று ஒன்று வரவில்லை.

மல்லாரி என்றால் என்ன என்று நம் இளையோரில் பலருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. சாமி புறப்பாட்டுக்கென்றே நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் அமைந்த இசை அது. பெரும்பாலும் கம்பீர நாட்டை ராகத்தில் வாசிக்கப்படும். அதற்குச் சாகித்தியம் கிடையாது. பாட்டின் சொல்லைப் பிடித்துக்கொண்டு இசையைப் பின்தொடரும் வசதி கேட்பவருக்கு இல்லை. சாமி வீதி உலா வருவதற்கு ஒரு மல்லாரி, தேருக்கு ஒன்று, தீர்த்தம் கொண்டுவர ஒன்று, நைவேத்தியத்துக்குத் தளிகை மல்லாரி என்று வகைகள் உண்டு. முதலில் தவிலின் தொடக்க வாசிப்பான அலாரிப்பு. அதன் பிறகு நாதஸ்வரம் ஒரே அடியைச் சௌக்க காலத்தில், அதாவது நிதான வேகத்தில், எடுத்து, அதையே வேகம் கூட்டி இரண்டாம் காலத்திலும் மூன்றாம் காலத்திலும், மும்மூன்றாகப் பிரியும் திஸ்ரத்திலும் வாசிக்கும். கேட்கத் தெரியாதவருக்கு இது ஒரே அடி திரும்பத் திரும்ப வருவது போலத்தான் இருக்கும். எனக்கும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கடந்த ஆண்டு நாங்கள் அழைத்திருந்த குழுவைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இவ்வாண்டின் அருமை அதை வைத்தே எனக்கு விளங்கியது. வெளியூரிலிருந்து வந்த பெரிய குழு அது. 8 பேர், நான்கு பெரிய ஒலிபெருக்கிகள், ஒரு கீபோர்டு, அதில் முன்கூட்டியே பதிந்து வைத்த தாளம். அவர்கள் வாசித்ததில் சுருதிப் பிழை இருந்ததாக நான் சொல்ல மாட்டேன். உடை நேர்த்தியாக இருந்தது, நேரத்துக்கு வந்தார்கள், இளைஞர்கள் கேட்ட பாட்டையெல்லாம் வாசித்தார்கள். ஆனால் ரதம் புறப்பட வேண்டிய நேரத்தில் அலங்காரத்தில் ஏதோ குறை என்று புறப்பாடு தாமதமாகிவிட்டது. பதிவு செய்த தாளமோ யாருக்காகவும் நிற்கவில்லை. மல்லாரி முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் எல்லாம் முடிந்து, முடிவுக் கோவையான தீர்மானமும் வைத்தாகிவிட்டது. அம்மன் இன்னும் மண்டபத்திலேயே இருந்தாள். பிறகு ரதம் நகர்ந்தபோது, வாசிக்க வேறொன்றும் இல்லாமல், ஒரு திரைப்பாடல் மெட்டை எடுத்தார்கள். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் கைகூப்பியபடியே தலையைக் குனிந்துகொண்டதை நான் பார்த்தேன். மேளத்துக்குப் பொறுப்பேற்றிருந்தவன் என்ற முறையில் அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

இவ்வாண்டு இந்தக் குழுவை ஏற்பாடு செய்தது எளிதாக முடிந்தது. குருக்கள் சொல்லி, நாதஸ்வரக் கலைஞரின் வீட்டுக்கே சென்று பேசினேன். விலை பேசும்போது அவர் வைத்த நிபந்தனைகள் இரண்டு. மல்லாரி முடியும் வரை உறுமி மேளம் பக்கத்தில் ஒலிக்கக் கூடாது. நாதஸ்வரத்துக்கு ஒலிவாங்கி வைத்தாலும் தவிலுக்கு வைக்கக் கூடாது. உறுமி மேளம் வாசிக்கும் எங்கள் பையன்களிடம் முதல் நிபந்தனையைச் சொல்லத் தயங்கினேன். அவர்களோ மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்கள். நம் நாட்டில் கோயில் திருவிழாவை இன்று உயிரோடு வைத்திருப்பதில் உறுமி மேளத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மல்லாரியா உறுமியா என்று மோத விடுவதை நான் விரும்புவதில்லை. அன்று இரண்டுக்கும் இடம் இருந்தது.

முதல் நாள் மாலை வாசிப்பு நன்றாக இருந்தது என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். காப்புக் கட்டும் நாள் என்பதால் கூட்டம் குறைவு, வாசிப்பும் சுருக்கம். ஆனால் வாசிப்பு தொடங்கும் முன் நான் அருகில் உட்கார்ந்து கவனித்த சிலவற்றைச் சொல்ல வேண்டும். நாதஸ்வரக் கலைஞர் கொண்டுவந்தது பாரி நாயனம் என்ற நீண்ட வகை நாதஸ்வரம். ஆச்சா மரத்தில் கடைந்து செய்தது. தஞ்சாவூர் மாவட்டத்து நரசிங்கம்பேட்டையில் செய்யப்பட்டது என்று சொன்னார். அந்த ஊர் நாதஸ்வரத்துக்குத்தான் 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விரல் வைத்து வாசிக்கும் துளைகள் 7. அவற்றுக்குக் கீழே மேலும் 5. அந்த ஐந்தில் சிலவற்றை மெழுகு வைத்து அடைத்திருந்தார். அன்று காற்றில் ஈரம் அதிகம். கட்டைவிரல் நகத்தால் மெழுகைக் கொஞ்சம் சுரண்டி எடுப்பார், ஊதிப் பார்ப்பார், மறுபடி கொஞ்சம் ஒட்டுவார். சுருதிப் பெட்டி இரண்டு கட்டை என்ற சுருதியில் ஒலித்துக்கொண்டே இருந்தது. ஊதும் முனையில் பொருத்தும் ஐந்தாறு சீவாளிகளை ஒவ்வொன்றாக வாயில் வைத்து நனைத்துப் பார்த்து, ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, மற்றவற்றைத் துணியில் சுற்றி வைத்தார். பக்கத்தில் மூத்த தவில் கலைஞர் வலக்கை விரல்களுக்குக் கூடு மாட்டிக்கொண்டிருந்தார். துணியும் பசையும் சேர்த்து இறுகச் செய்த அந்தக் கூடுகளை ஒவ்வொரு விரலிலும் திருகி அழுத்தி, தொடையில் தட்டிப் பார்த்துக்கொண்டார். ஏறக்குறைய 40 நிமிடங்கள் இப்படியே போயின. காசு கொடுத்து அழைத்தவர்களில் சிலருக்கு இது பொறுமையைச் சோதித்திருக்கும். எனக்கு அந்த 40 நிமிடங்களிலேயே மனத்துக்கு ஒரு தெம்பு வந்துவிட்டது.

இரண்டாம் நாள் மாலை ரத ஊர்வலம். பிற்பகலில் கனத்த மழை பெய்து ஓய்ந்திருந்தது. அம்மனை ரதத்தில் ஏற்றித் தீபாராதனை காட்டும்போது தவில் அலாரிப்பு தொடங்கியது. அதைத் தொடர்ந்து கம்பீர நாட்டையில் மல்லாரி, ஆதி தாளத்தில், சௌக்க காலத்தில். மிகவும் நிதானமான காலம் அது. என் கைப்பேசியில் பதிவு செய்ததைப் பிறகு கேட்டுக் கணக்கிட்டேன். ஓர் அட்சரத்துக்கு, அதாவது தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு, ஏறக்குறைய ஒரு விநாடி, ஆக 8 அட்சரம் கொண்ட ஒரு தாளச் சுற்றான ஓர் ஆவர்த்தனத்துக்கு 8 விநாடி. நின்றுகொண்டிருந்த கூட்டத்துக்கு அது நீளமாகவே தெரிந்தது. எனக்கும், உண்மையைச் சொல்வதானால், முதல் சில ஆவர்த்தனங்கள் இழுவையாகத்தான் பட்டன. அடி ஒவ்வொரு முறையும் காந்தாரத்திலிருந்து (க) ஷட்ஜத்துக்கு (ச) இறங்கி, தாளச் சுற்றின் தொடக்கமான சமத்தில் முடியும், அந்த ஷட்ஜத்தில் இரண்டு தவிலும் ஒன்றாக விழும், மறுபடி தொடங்கும்.

கம்பீர நாட்டையில் ரிஷபமும் இல்லை, தைவதமும் இல்லை. 36ஆவது மேளகர்த்தா (தாய்) ராகமான சலநாட்டையிலிருந்து பிறந்த ஐந்து சுர ராகம் அது. இந்த ராகத்துக்குரிய அந்தர காந்தாரத்துக்கும் ஷட்ஜத்துக்கும் இடையில் கால் வைக்க வேறு படி கிடையாது; இறங்குவதென்றால் குதித்துத்தான் இறங்க வேண்டும். ஆகவே காந்தாரம் ஒலிக்கும் ஒவ்வொரு முறையும் காது அந்தக் குதிப்பை எதிர்பார்த்துக் காத்திருக்கப் பழகிவிடுகிறது. ஐந்தாறு முறை அப்படி இறங்கிக் கேட்டுவிட்டால், பிறகு காது தானாகவே முன்கூட்டி இறங்கி நிற்கும். இதை நான் அப்போது யோசிக்கவில்லை. வீட்டில் பதிவைப் பத்துப் பன்னிரண்டு முறை கேட்ட பிறகே எனக்குத் தெளிந்தது.

தீபாராதனை முடிந்தது. வடத்தைப் பிடித்தவர்கள் இழுத்தார்கள். முட்டுக்கட்டையை எடுத்துவிட்டார்கள், ஆனாலும் ரதம் நகரவில்லை. மழையில் ஊறிய மண்ணில் முன்சக்கரம் ஒன்று புதைந்திருந்தது. நான்கைந்து பேர் மண்ணைத் தோண்டிப் பலகை ஒன்றைச் சக்கரத்தின் அடியில் செருக முயன்றார்கள். சௌக்க காலம் முடிந்து இரண்டாம் காலத்துக்குப் போக வேண்டிய இடம் வந்துவிட்டது. நாதஸ்வரம் காந்தாரத்துக்கு வந்தது. இறங்கவில்லை.

அங்கேயே நின்றது. கமகம் என்ற அசைவு ஏதும் இல்லாமல், ஓசையைக் கூட்டாமல், சுருதிப் பெட்டியின் ஷட்ஜத்துக்கு மேலே அந்த ஒற்றைக் காந்தாரம் நேராக நின்றது. மூத்த தவில் கலைஞர் இரண்டு அட்சரங்களுக்கு வாசித்துவிட்டு, நாதஸ்வரத்தின் பக்கம் திரும்பிப் பார்த்து, கையைத் தவிலின் மீது படாமல் நிறுத்திவிட்டார். இளையவர் அதைக் கவனிக்கக் கொஞ்சம் தாமதமானதால் ஓர் அடி அதிகமாக விழுந்தது. பதிவில் அது கேட்கிறது. அதற்குப் பிறகு தவில் இல்லை. தாளம் போடுபவர் மட்டும் ஜால்ராவில் அட்சரத்தைத் தவறவிடாமல் காத்துக்கொண்டிருந்தார். ஒரு முழு ஆவர்த்தனம் போயிற்று. வாசலில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். சக்கரத்தடியில் மண்வெட்டி மண்ணைக் கீறும் சத்தம் கேட்டது. அடுத்த ஆவர்த்தனத்திலும் மூன்று அட்சரங்கள் கடந்தன. பலகையின் மீது சக்கரம் ஏறிய சத்தம், மரம் நெரிபடும் ஒரு 'கிறீச்', பதிவில் தெளிவாக இருக்கிறது. நான்காம் அட்சரத்தில் நாதஸ்வரம் மத்தியமத்தைத் தொட்டது, பஞ்சமத்துக்கு ஏறியது, மத்தியமம், காந்தாரம் என்று திரும்பியது, சமத்தில் ஷட்ஜத்துக்குக் குதித்து இறங்கியது. இரண்டு தவிலும் ஒன்றாக விழுந்தன. ரதம் நகர்ந்தது. அந்த உந்துதலிலேயே இரண்டாம் காலம் தொடங்கிவிட்டது. "தாயே" என்ற கூட்டத்தின் குரல் அதற்குப் பிறகுதான் எழுந்தது.

கணக்குப் பார்த்தால் காந்தாரம் நின்றது 11 அட்சரம், ஏறக்குறைய 11 விநாடி. அன்றைய மல்லாரி முழுவதும் 20 நிமிடங்களுக்கு மேல் நீண்டது. ஆனால் அந்த 11 விநாடி, தனக்கு முன்னால் வாசித்து முடித்ததையும் மாற்றிவிட்டது. அதுவரை இழுவையாகத் தோன்றிய சௌக்க காலம் முழுவதும் அந்த ஒரு நிற்றலுக்காக எங்கள் காதைப் பழக்கிய வேலை என்று இப்போது எனக்குப் படுகிறது. பதிவை முதலிலிருந்து கேட்கும்போது, முதல் ஆவர்த்தனத்தின் காந்தாரம் கூட எனக்கு இப்போது வெறும் காந்தாரமாகக் கேட்பதில்லை. இது இறங்கிவிடும், ஆனால் ஒருமுறை இறங்காமல் நிற்கப் போகிறது என்று நெஞ்சு முன்கூட்டியே இறுகுகிறது. அந்த இடத்துக்குப் பிறகு வந்த இரண்டாம் காலமும் மூன்றாம் காலமும் வேகமான வாசிப்பாக மட்டும் இருக்கவில்லை. அடக்கி வைத்திருந்த ஒன்றைத் திறந்துவிட்டது போன்ற விடுதலையோடு ஓடின. முதல் நாள் மாலை இதே அடியை இதே கலைஞர்கள்தாம் வாசித்தார்கள். அது நல்ல வாசிப்பு. இரண்டாம் நாள் வாசித்ததை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

எல்லாருக்கும் அது அப்படிக் கேட்டதா என்றால் இல்லை. எங்கள் பொருளாளர் தவிலின் தோல் கிழிந்துவிட்டது என்று பதறி என் தோளைத் தட்டினார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் அத்தை, 81 வயது, இளமையில் பால் வெட்டியவர், "மேளம் ஏன்டா நின்னுச்சு?" என்று கேட்டார். "நிக்கல அத்தை, காத்துக்கிட்டு இருக்கு" என்று என் வாயில் வந்ததைச் சொன்னேன். அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. ரதம் நகர்ந்ததும் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஊர்வலம் முடிந்து அதிகாலையில் அவர்களோடு உட்கார்ந்து பசியாறும்போது நாதஸ்வரக் கலைஞரிடம் கேட்டேன்: "தம்பி, அந்தக் காந்தாரத்துல நிக்கணும்னு முன்னாடியே முடிவு பண்ணி வச்சிருந்தீங்களா?" அவர் தோசையைப் பிட்டபடி, "இல்லண்ணே. ரதம் நகரலையே, நான் மட்டும் எப்படி எறங்குறது?" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்ன விளக்கம். அவருக்கு அது இசை நுணுக்கமாகத் தோன்றவில்லை. மல்லாரி புறப்பாட்டுக்கு உரியது, சாமி புறப்படாமல் ஷட்ஜத்தில் இறங்கி இரண்டாம் காலத்துக்குப் போவது பொருந்தாது, ஆகவே நின்றார். மூத்த தவில் கலைஞரையும் கேட்டேன். "அந்த எடத்துல நான் என்ன வாசிச்சாலும் அது கெட்டுப் போயிருக்கும்" என்றார். அவர்களுக்குள் கண்சாடை கூட இல்லை என்பதை இருவரும் சொன்னார்கள். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு வாசித்ததால் மட்டுமே அது நடந்தது.

நாதஸ்வரத்தில் ஒரு சுரத்தை 11 விநாடி அசையாமல் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்த மதிப்பீடு முழுமையாகாது. ஹார்மோனியத்தில் கட்டையை அழுத்தினால் சுரம் தானாக வந்துவிடும். நாதஸ்வரத்தில் அப்படி இல்லை. விரலால் துளையை எவ்வளவு மூடுகிறோம், உதட்டால் சீவாளியை எவ்வளவு அழுத்துகிறோம், எவ்வளவு காற்றைச் செலுத்துகிறோம் என்ற மூன்றும் சேர்ந்துதான் சுரத்தின் இடத்தை முடிவு செய்கின்றன. மூச்சு குறையக் குறையச் சுரம் கீழே சரியும். அதை உதட்டால் தாங்க வேண்டும். உரக்க வாசிப்பதற்கென்றே பிறந்த வாத்தியத்தில், ஓசையை அடக்கி, சரியாமல் நிற்பது பெரும் உழைப்பு. இவர்கள் குழுவில் நாதஸ்வரம் ஒன்றே என்பதால், மூச்சு வாங்கும்போது சுரத்தைத் தாங்கிப் பிடிக்க இரண்டாம் நாதஸ்வரமும் இல்லை. பதிவில் இன்னொன்றும் கேட்கிறது. காந்தாரத்துக்கு முந்தைய சங்கதியை, அதாவது இசைத் தொடரை, வழக்கத்தை விடச் சற்று முன்னதாகவே முடித்து, ஆழமாக ஒரு மூச்சு வாங்குகிறார். சக்கரம் புதைந்திருப்பதை அவர் அதற்கு முன்பே பார்த்துவிட்டார் என்பதற்கு அந்த மூச்சே சாட்சி.

இதைக் கேட்ட பிறகு, வீட்டில் கிடந்த பழைய பதிவுகளையும் எடுத்துக் கேட்டேன். நாதஸ்வர வித்வான் டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடி ராக ஆலாபனை எங்கள் அப்பா காலத்திலிருந்தே வீட்டில் ஒலித்தது. பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் 3 நிமிடச் சொச்சமே பதிய முடியும். அந்த நெருக்கடியிலும் அவர் அவசரப்படவில்லை என்பது இப்போதுதான் என் செவிக்கு எட்டியது. புல்லாங்குழல் மாலி (1926–1986) வாசிப்பின் நடுவே விடும் மௌனங்களையும் இப்போது வேறு விதமாகக் கேட்கிறேன். முன்பு அவற்றை இசை இல்லாத இடங்கள் என்று கடந்துவிடுவேன். இந்த மேதைகளோடு எங்கள் ஊர்க் கலைஞரை ஒப்பிடுவது என் நோக்கமன்று. அவர்களைக் கேட்க எனக்குக் கற்றுக்கொடுத்தது ரதத்தின் முன்னே நின்ற அந்தக் காந்தாரம் என்பதை மட்டும் நன்றியோடு பதிவு செய்ய விரும்புகிறேன்.

குறைகள் உண்டு, அழைக்க நினைப்பவர்கள் அவற்றையும் அறிந்துகொள்ள வேண்டும். இரண்டாம் தவில் வாசிக்கும் தம்பி இன்னும் பயிற்சியில் இருப்பவர். மூன்றாம் காலத்தில் திஸ்ரத்துக்கு மாறிய இடத்தில் அவர் ஒருமுறை பின்தங்கியதை மூத்தவர் தாங்கிக்கொண்டார். தவிலுக்கு ஒலிவாங்கி வேண்டாம் என்ற நிபந்தனையால், ரதத்தின் பின்னால் நெடுந்தொலைவில் நடந்து வந்தவர்களுக்கு மேளம் சரியாகக் கேட்கவில்லை. அவர்களுடைய மனக்குறை நியாயமானது. நாதஸ்வரக் கலைஞருக்கு ஆலை வேலை இருப்பதால் வார நாள்களில் அழைத்தால் வருவதற்கு விடுப்புக் கிடைக்க வேண்டும். குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன் சொல்லியாக வேண்டும். தொலைபேசிச் செய்திக்கு உடனே மறுமொழி எதிர்பார்க்க முடியாது. திருமண வரவேற்புக்குத் திரைப்பாடல் கேட்பவர்களுக்கு இந்தக் குழு ஏற்றதன்று. கெட்டிமேளமும் மங்கல இசையும் முறையாக வேண்டும் என்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வேன். சாப்பாட்டிலோ தங்கும் இடத்திலோ அவர்கள் எந்த வசதியும் கேட்கவில்லை. சுடுதண்ணீர் மட்டும் கேட்டார்கள்.

இன்னொரு கருத்தையும் கோயில் நிர்வாகத்தினருக்குச் சொல்ல விரும்புகிறேன். மேளத்தை ஏற்பாடு செய்யும்போது, எத்தனை பேர், எத்தனை ஒலிபெருக்கி என்று கேட்பதோடு, புறப்பாடு தாமதமானால் என்ன வாசிப்பீர்கள் என்றும் ஒரு கேள்வி கேளுங்கள். பதிந்து வைத்த தாளத்தோடு வருபவர்களிடம் அதற்கு விடை இருக்காது. சடங்கு நகரும் வேகத்துக்கு இசை நகர வேண்டும் என்று தெரிந்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டவுடனே நிமிர்ந்து உட்காருவார்கள். 8 பேருக்குக் கொடுக்கும் பணத்தை 4 பேருக்குக் கொடுத்தாலும் கோயிலுக்கு நட்டம் இல்லை என்பது என் எண்ணம். இவர்கள் கேட்டதோ அதற்கும் குறைவு. அடுத்த ஆண்டு இரண்டாம் நாதஸ்வரத்துக்கும் சேர்த்துக் கொடுக்க நிர்வாகக் கூட்டத்தில் பேசி வைத்திருக்கிறேன்.

கடந்த வாரம் அடுத்த ஆண்டுக்கான முன்பணமாக 300 வெள்ளியை நாதஸ்வரக் கலைஞரின் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். வராந்தாவில் உட்கார்ந்து புதிய சீவாளி ஒன்றை நூலால் கட்டிக்கொண்டிருந்தார். கோயில் வாசலில் ரதம் நிற்கும் இடத்துக்குச் சிமெண்ட் தளம் போட முடிவாகிவிட்டது என்பதைப் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "நல்லதுண்ணே. அப்போ ரதம் உடனே நகர்ந்துடும், நானும் உடனே எறங்கிடுவேன்" என்றார்.